மேலை கச்சான்

முதுகுப்பைகளின் மேல்மூடியில் சிப் வைத்த சின்ன அறை ஒன்று இருக்கும். வீட்டுத் திறப்பு, தொப்பி, மூக்குத் துடைக்கும் கடதாசி என்று அவசரத்துக்கு எடுக்க வேண்டியவற்றை வைக்கிற இடம் அது. என் அக்கா மகளுடைய நீலப் பையில் அந்த அறைக்குள் எப்போதும் கச்சான் இருக்கும். கச்சான் என்று நாங்கள் சொல்வது நிலக்கடலையை. அவளுடைய அப்பா, என் அத்தான், அதற்கு உப்புத் தண்ணீர் தெளித்து, தாச்சியில் மணம் எழும்பும்வரை வறுத்து, ஆறவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கொட்டி முடிச்சுப் போட்டு வைப்பார். அவர் போட்ட முடிச்சை ஒருவராலும் அவிழ்க்க முடியாது. பல்லால் கடித்துக் கிழிக்கத்தான் வேண்டும். "கையுறையோட இதை எப்பிடியப்பா அவிழ்க்கிறது?" என்று அவள் சிணுங்கினால், "பசிச்சா அவிழும்" என்பார். அத்தான் போன பிறகு அந்தப் பை கொஞ்சக்காலம் இக்காஸ்டில் என் வீட்டு நடைவழிக் கொழுவியில் தொங்கிக்கொண்டிருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வெறும் கொழுவியைக் கடந்து குசினிக்குப் போகும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

அத்தான் பிராண்டேயில் காற்றாலை இறக்கைகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். வேலை முடிந்து வரும்போது கழுத்து மடிப்பிலும் புருவத்திலும் கண்ணாடிநார்த் தூள் அப்பியிருக்கும். குளித்துவிட்டு வராமல் கதிரையில் இருக்க அக்கா விடமாட்டாள். கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதர். பனியென்றால் காலமையில் கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிற எரிச்சல், அவ்வளவுதான் அவருக்கு. நாங்கள் இருக்கும் டென்மார்க்கில் மலையும் கிடையாது. மலை என்று பெயர் சூட்டியிருக்கும் மேடுகளில் ஏறி நின்றால் மூச்சுக்கூட வாங்காது. இப்படிப்பட்டவர் தினமும் பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து, நோர்வேயில் ஏதோ ஒரு மலைமுகட்டில் நிற்கும் வானிலை நிலையத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? நானும் நன்றாகச் சிரித்திருக்கிறேன். "அத்தான், மலைக்குச் சளி பிடிச்சிட்டுதோ?" என்று கேட்பேன். "பகிடி விடாதை மச்சாள். மேலை காத்து செக்கனுக்குப் பன்ரண்டு மீற்றர் அடிக்குது" என்பார், கண்ணை எடுக்காமல்.

எல்லாம் அக்கா மகளால், என் பெறாமகளால் வந்தது. பள்ளிக்கூடத்தில் வகுப்போடு பனிச்சறுக்கப் போனவள் முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கண்ணாடி போட்ட இடம் மட்டும் வெளுத்துத் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு வேறு கதையில்லை. படித்து முடித்து கோப்பன்ஹேகனில் வேலைக்குப் போன பிறகும், குளிர்கால விடுமுறை வந்தால் சிநேகிதிகளோடு கப்பலேறி நோர்வேக்குப் போய்விடுவாள். முதலில் அத்தான் ஒரேயடியாக மறுத்தார். வீட்டில் கொஞ்சநாள் கோப்பையும் கதவும்தான் சத்தம் போட்டன. அக்கா நடுவில் நின்று இரண்டு பக்கமும் கெஞ்சினாள். கடைசியில் அத்தான் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: "போ. ஆனா நான் சொல்லுற நேரம் ஏற வேணும், நான் சொல்லுற நேரம் இறங்க வேணும்." அவளும் சரி என்றாள். அப்பா என்ன பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பாள்.

அத்தான் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் அதைப் பாதியில் விடுகிறவர் அல்ல. கீழே கிராமத்தில் ஒரு நிலையம், மேலே முகட்டில் ஒரு நிலையம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். வழக்கத்துக்கு மாறாக மேலே இதமாகவும் கீழே கடுங்குளிராகவும் இருந்தால், குளிர் பள்ளத்தில் தேங்கி நிற்கிறது, விடியவே ஏறிவிடலாம் என்பார். முதல்நாள் பகல் உருகி இரவு உறைந்திருந்தால் காலையில் தரை கண்ணாடிபோல இருக்கும், வெயில் கொஞ்சம் இளக்கும்வரை காத்திருக்கச் சொல்வார். சராசரிக் காற்றை அவர் அதிகம் மதிப்பதில்லை. இடையில் வரும் வீச்சுத்தான் ஆட்களை மேலே ஏற்றும் கதிரை லிப்டை நிறுத்துவது, ஆளை விழுத்துவது என்பார். பனி ஆழம் திடீரென்று கூடினாலும் புதிதாகப் பொழிந்தது என்று நம்பமாட்டார், காற்று எங்கிருந்தோ அள்ளிவந்து பனி அளக்கும் மானியின் கீழே கொட்டியிருக்கலாம். எனக்கு நன்றாக நினைவிருப்பது பூச்சியம். காற்று பூச்சியம் என்று காட்டிய ஒரு நாள், "இண்டைக்கு நல்ல அமைதிபோல" என்றேன். அத்தான் தலையாட்டினார். "அது அமைதியில்லை மச்சாள். காத்துமானி உறைஞ்சு போச்சு. சுத்த ஏலாமல் நிக்குது. கீழை பார், என்னமா அடிக்குது." இறக்கைகளில் ஐஸ் படிந்தால் என்ன ஆகும் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயமாம்.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒருமுறை காற்று வரப்போகிறது என்று பிள்ளைகளைத் தங்கியிருந்த மரவீட்டுக்குள் இருத்திவைத்தார். அன்று பார்த்துப் பகல் முழுக்கப் பளிச்சென்று வெயில். சிநேகிதிகள் அவளை என்ன திட்டினார்களோ தெரியாது, அவள் அப்பாவுக்கு எடுத்து ஒரு பாட்டம் திட்டினாள். அத்தான் ரெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அவருக்கு அது நட்டமே இல்லை. முன்பெல்லாம் அவள் வீட்டுக்கு எடுத்தால் அம்மாவோடுதான் கதைப்பாள், அப்பாவுக்கு 'ஹை' மட்டும். இப்போது முதலில் அவரைத்தான் கேட்டாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளைக்கும் கரைவலை இழுத்த தகப்பனுக்கும் இடையில் கதைக்க ஒரு விஷயம் கிடைத்திருந்தது. அவள் டெனிஷில் கேட்பாள், அவர் தமிழில் சொல்வார், இலக்கங்கள் மட்டும் இரண்டு மொழியிலும் புரளும். அவளுக்கு விளங்கட்டும் என்று அவர் பேசிய தமிழ் கஞ்சிபோல நன்றாக மசித்த தமிழ். மேல், கீழ், காத்து, குளிர், கவனம், பாத்து. எங்களோடு பேசும் தமிழ் வேறு.

அந்தக் குளிர்காலத்தில் நடந்ததற்கு வருகிறேன். அவள் நோர்வேயில் இருந்தாள். அத்தான் காலை வேலையில். இடைவேளைக்கு வந்து ரெலிபோனைத் திறந்தவர், மேல் நிலையத்தில் காற்று மேற்குக்குத் திரும்பி ஏறிக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர்கள் அன்று முகட்டின் கிழக்குப் பக்கமாக, லிப்ட் இல்லாத சரிவில் இறங்குவதாக முதல்நாள் பேச்சு. மேற்கிலிருந்து அடிக்கும் காற்று முகட்டுக்கு மேலால் பனியை அள்ளிவந்து கிழக்குப் பக்கத்தில்தான் கொட்டும். பார்க்கப் பஞ்சு மெத்தை மாதிரி இருக்கும், அடியில் பிடிப்பு இராது. அத்தான் எடுத்துப் பார்த்தார், அவள் ரெலிபோன் போகவில்லை. இயந்திரம் கூப்பிடுகிறது, மேற்பார்வைக்காரன் கையைக் காட்டுகிறான். அவசரத்தில் அவள் வாசிக்கக்கூடிய ஆங்கில எழுத்தில் ஒரு வரி தட்டி அனுப்பினார்: "மேலை கச்சான், பாத்து."

மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் எங்களில் கச்சான் என்றுதான் பெயர். கடற்கரை ஆட்களுக்கு அது நாவில் ஊறிய சொல். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஒவ்வொரு திசைக்காற்றுக்கும் ஒரு பெயர். அத்தான் அந்தச் சொல்லை மகளிடம் அதற்கு முன் பாவித்ததே இல்லை. அவளுக்குச் சொல்வதென்றால் வெறும் காத்துத்தான். பதறும்போது யார் நின்று சொல் பொறுக்குகிறார்கள்? பிராண்டேயில் பிறந்த பிள்ளைக்குக் கச்சான் என்றால் ஒன்றே ஒன்று. அவள் செய்தியைப் பார்த்தாள். பையின் மேல் அறையைத் திறந்தாள். கச்சான் இருந்தது. முடிச்சைப் பல்லால் கிழித்து, சிநேகிதிகளுக்கும் கையில் கொட்டிக் கொடுத்து, நின்றபடியே சாப்பிட்டாள். பிறகு அப்பாவுக்குப் பெருவிரலை உயர்த்திய படம் ஒன்று அனுப்பினாள். அத்தான் பெருவிரலைக் கண்டார். பிள்ளைக்கு விளங்கிவிட்டது, ஏறமாட்டாள் என்று நினைத்தார். ரெலிபோனைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அவர்கள் ஏறி இறங்கும்போது சரிவில் பனி உடைந்து அவளைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. நெஞ்சுவரை புதைந்தவளைச் சிநேகிதிகள் கையாலும் மண்வெட்டியாலும் கிண்டி எடுத்தார்கள். உயிர் தப்பிவிட்டது. முழங்கால் மட்டும் திரும்ப ஒருநாளும் ஒழுங்காக மடங்கவில்லை. அத்தானையும் அக்காவையும் நான்தான் காரில் கூட்டிக்கொண்டு போனேன். கப்பலில் அத்தான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அவர் வாழ்க்கையில் முதன்முதலாக உண்மையான மலையைக் கண்டது அந்த ஆஸ்பத்திரி யன்னலால்தான். கண்டார் என்று சொல்வதும் சரியில்லை, அவர் யன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டே இருந்தார்.

பெறாமகள் கட்டிலில் சாய்ந்திருந்தபடி சிரித்துக்கொண்டு டெனிஷில் சொன்னாள், அப்பா, நீங்கள் கடலையைச் சொல்கிறீர்கள் என்றல்லவா நான் நினைத்தேன், எல்லோருமாகச் சாப்பிட்டு முடித்தோம் என்று. பக்கத்தில் நின்ற சிநேகிதி சொல்லித்தான் அவளுக்கே காற்று விஷயம் விளங்கியதாம், இணையத்தில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அக்கா அழுதபடியே சிரித்தாள். நான் சிரித்தேன். அத்தானும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். வாய் விரிந்தது, அவ்வளவுதான். அன்று அந்தப் பக்கத்துக்கு எச்சரிக்கை ஏற்கெனவே போட்டிருந்தார்கள், அதைப் பார்த்தும்தான் பிள்ளைகள் ஏறினார்கள் என்று மீட்புக்காரர் ஒருவர் சொன்னார். அந்தச் செய்தி சரியாக விளங்கியிருந்தாலும் அவள் ஏறியிருப்பாளோ என்னவோ. இதையெல்லாம் நான் அத்தானுக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பிய பிறகு அத்தான் மகளோடு டெனிஷில் பேசத் தொடங்கினார். முதலில் நாங்கள் கவனிக்கவில்லை. அக்காதான் கண்டுபிடித்தாள். "என்னப்பா, வீட்டுக்கை கொமூன் கந்தோர் மாதிரிக் கதைக்கிறியள்?" என்று கேட்டாள். கொமூன் என்றால் இங்கத்தைய நகரசபை. அத்தான் எழும்பிப் போய்விட்டார். அவருடைய டெனிஷ் எனக்குத் தெரியும். மொழிப் பள்ளியில் கொஞ்சம், மீதியெல்லாம் தொழிற்சாலையில் பொறுக்கியது. தூக்கு, வை, கழுவு, சாப்பாட்டு நேரம், எத்தனை மீற்றர். அந்த மொழியில் ஒரு பிள்ளையிடம் என்ன கேட்க முடியும்? முழங்கால் நோகிறதா என்று கேட்கலாம். இரவில் பயந்து எழும்புகிறாயா என்று கேட்க அவரிடம் சொல் இருக்கவில்லை. கவனம் என்பதற்கு டெனிஷில் சொல்வது எங்கள் காதுக்கு 'பஸ் போ' என்று விழும். வந்த புதிதில் அதைக் கேட்டுவிட்டு, எந்த பஸ், எங்கே போக என்று முழித்தவர்கள் நாங்கள். இப்போது அத்தான் ரெலிபோனை வைக்கும்போது 'பாத்து' என்று சொல்வதை விட்டுவிட்டு 'பஸ் போ' என்றார். கேட்க எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவருக்கு முன்னால் சிரிக்கவில்லை.

வீடு தலைகீழாகிவிட்டது. மற்ற வீடுகளில் தாய் தகப்பன் தமிழில் கேட்க, பிள்ளைகள் டெனிஷில் பதில் சொல்வார்கள். இந்த வீட்டில் பிள்ளை கோப்பன்ஹேகனிலிருந்து எடுத்து, தட்டித் தடவித் தமிழில் பேசினாள், தகப்பன் தட்டித் தடவி டெனிஷில் பதில் சொன்னார். இரண்டு பேருமே சொந்த வாயால் பேசவில்லை. வரவர அந்த ரெலிபோன் கதை சுருங்கி, எப்படிச் சுகம், நல்ல சுகம் என்பதோடு முடிந்தது. வானிலை பார்ப்பதையும் அவர் விட்டுவிட்டார். பின்னேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையோடு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருப்பார். வெளியே பார்க்க என்ன இருக்கிறது, மாசிமாதத்துச் சாம்பல் வானமும் ஈர வயலும்தான்.

ஒருநாள் அவள் என்னிடம் கேட்டேவிட்டாள். "சித்தி, அப்பாக்கு என்னிலை கோவமா?"

"கோவமில்லையடி பிள்ளை. பயம்" என்றேன்.

"என்ன பயம்? நான் இப்ப ஸ்கீக்குப் போறேல்லைத்தானே?"

தன் வாயில் இருக்கும் எந்தச் சொல் எந்த நேரம் பிள்ளையைக் கொண்டுபோய் எங்கே தள்ளுமோ என்று ஒரு மனிதன் பயப்படுகிறான் என்பதை இருபத்தைந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது? அக்காவோ, "அவர் முந்தியும் பெரிசாக் கதைக்கிறவரில்லை, இப்ப அமைதியாகத்தானே இருக்கிறார்" என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். நான் உறைந்துபோன காற்றுமானி காட்டிய அந்தப் பூச்சியத்தை நினைத்துக்கொண்டேன்.

போன மார்கழியில் அத்தானுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், இப்படியானவர்களைத் தினமும் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுகிறேன். பிறகு படித்த மொழிதான் முதலில் கழன்று போகும் என்பதைப் பலரில் பார்த்திருக்கிறேன். அத்தானுக்கும் அப்படியே ஆனது. தாதிமார் கேட்பது ஒன்றும் அவருக்கு ஏறவில்லை. சேர்த்துவைத்த டெனிஷ் முழுவதும் ஒரே வீச்சில் போய்விட்டது. தமிழிலும் நாலைந்து சொல்தான் மிஞ்சியது. அதில் ஒன்று கச்சான். விழுங்க முடியாத நிலை அவருக்கு, தண்ணீரைக்கூடக் கூழாக்கித்தான் கரண்டியால் கொடுத்தோம். அவரோ பச்சைப்பிள்ளை மாதிரி இடக்கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டி, "கச்சான், கச்சான்" என்று கேட்டார். "தொண்டையிலை இறங்காதப்பா, சுகம் வந்தாப்பிறகு வறுத்துத் தாறன்" என்று அக்கா சொல்லிவிட்டு வெளியே போய் அழுவாள். வறுக்கும்போது தாச்சியில் பாதியைத் தானே தின்று முடிக்கிற மனிதர் அவர்.

பெறாமகள் ரயிலேறி வந்து சேர்ந்த அன்று நல்ல காற்று. ஆஸ்பத்திரி வளவில் கொடிக்கம்பத்துக் கயிறு விடாமல் கம்பத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் காலைச் சாய்த்து நடந்துவந்து, நீலப் பையைக் கட்டிலடியில் போட்டுவிட்டு, ஈர ஜக்கெட்டோடே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தான் அவளைப் பார்த்தார். கண் பைக்குப் போனது, திரும்ப அவளுக்கு வந்தது. "கச்சான்" என்றார்.

அக்கா வாயைத் திறந்தாள். நான் அவளுடைய கையைப் பிடித்து அழுத்தினேன். ஏனென்றால் பெறாமகள் அதற்குள் யன்னலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பொக்கற்றிலிருந்து ரெலிபோனை எடுத்துவிட்டாள். விரல் எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தது. அந்த மலையின் வானிலைப் பக்கத்தை இவ்வளவு காலமும் அவள் அழிக்காமல் வைத்திருந்திருக்கிறாள்.

"ஓம் அப்பா, கச்சான்தான்" என்றாள். "மேலை இருபது மீற்றர் அடிக்குது. மேற்கிலை இருந்து. கீழை ஒன்பது. மேலை மைனஸ் ஆறு. பனியும் கொட்டுது."

பிழைபிழையான உச்சரிப்பு, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாய்க்குப் போயிருந்த கை மெல்ல இறங்கிப் போர்வையில் கிடந்தது. பிறகு, நாக்குப் புரளாத வாயால், ஆனால் எங்கள் மூன்று பேருக்கும் தெளிவாக விளங்க, "அப்ப ஏறாதை பிள்ளை" என்றார்.

"ஏறேல்லை அப்பா. இஞ்சதான் இருக்கிறன்."

அதற்குப் பிறகு அவர் கச்சான் கேட்கவில்லை. தை பிறக்கும்போது அவர் இல்லை. செத்தவீட்டுக்கு வந்த சனத்துக்குத் தேத்தண்ணி ஊற்றுகிற அமளியில் அவளுடைய பை என் காரில் கிடந்து என் வீட்டுக்கு வந்துவிட்டது. அன்று அவர் கேட்டது தின்கிற கச்சானை என்று நானும் சொல்லவில்லை, அக்காவும் சொல்லவில்லை. அப்பா கடைசியில் என்னோடு தமிழில் கதைத்தவர் என்று அவள் பார்க்கிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். அது பொய்யில்லைத்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பையை எடுக்க வருகிறாள் என்று தெரிந்ததும் நான் தாச்சியை அடுப்பில் வைத்தேன். உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்தேன். அத்தானின் கைப்பதம் வரவில்லை, சில கருகிவிட்டன. பிளாஸ்டிக் பைக்குள் போட்டு என்னால் முடிந்த அளவுக்கு இறுக்கி முடிந்து, மேல் அறைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தேன். அவளுக்குச் சொல்லவில்லை. ஸ்டேஷனில் இறக்கிவிட்டேன், கட்டிப்பிடித்தாள், காலைச் சாய்த்து ஏறிப் போனாள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது ரெலிபோன் அடித்தது. ஆங்கில எழுத்தில் ஒரே வரி: "சித்தி, மேலை கச்சான்."

வெளியே மேற்குக் காற்று பக்கத்து வீட்டு வேலியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. பையைத் திறந்துவிட்டாளோ, ரயில் யன்னலால் வெளியே பார்க்கிறாளோ தெரியாது. நான் கேட்கவில்லை. "ஓம் பிள்ளை, பாத்து" என்று எழுதி அனுப்பினேன்.